கருவியும் கண்ணும்

போர்க்காலத்தில் பகைவரின் நிலையை அறிய, வானிலிருந்து ஒளிப்படம் எடுப்பது வழக்கம். அதற்குரிய கருவி சிறிதாகச் சிறிதாக, மறைந்திருக்கும் உண்மை எளிதில் வெளிப்படும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று.

ஜெர்மனியைச் சேர்ந்த மருந்தாளுநர் ஜூலியஸ் நொய்ப்ரோனர், மருந்து கொண்டுவரப் புறாக்களைப் பழக்கியவர். அவர் புறாவின் மார்பில் கட்டத்தக்க ஒளிப்படக்கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் எடை 75 கிராமுக்கு மிகாது. குறித்த நேரத்தில் அது தானே படம் எடுக்கும். இஃது இயலாது என்று முதலில் மறுத்த காப்புரிமை அலுவலகம், படங்களைக் கண்டபின் 1908இல் உரிமை வழங்கியது. முதல் உலகப் போரில் இக்கருவி சோதிக்கப்பட்டது. ஆயினும், புறா தன் கூட்டை நோக்கியே பறந்தது. படைத்தலைவர் விரும்பிய இடத்திற்குச் செல்லவில்லை. எனவே, அப்பணியை வானூர்திகளே ஏற்றன.

படம் கிடைத்தால் மட்டும் போதுமா? 1943இல் ஜெர்மனியின் பீனமுண்டே என்னும் இடத்தை பிரிட்டிஷ் வானூர்திகள் படம் எடுத்தன. கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்னும் பெண்மணி, அப்படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து, மிகச் சிறிய உருவம் ஒன்றை ஆளில்லாப் பறக்கும் குண்டு என இனங்கண்டார். அவரிடம் அதனைத் தேடுமாறு முன்னரே கூறப்பட்டிருந்தது.

மறு ஆண்டில், ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்தில் ஆஷ்விட்ஸ் அருகிலிருந்த தொழிற்சாலையை நேச நாடுகளின் வானூர்திகள் படம் எடுத்தன. எண்ணற்ற மக்கள் கொல்லப்பட்ட வதைமுகாமும் அப்படங்களில் பதிந்திருந்தது. தொழிற்சாலையை மட்டுமே தேடியவர்கள் முகாமின் தன்மையை உணரவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, அமெரிக்க ஆய்வாளர் இருவர் அப்படங்களை மீண்டும் ஆராய்ந்து அதனை எடுத்துரைத்தனர்.

போர்ச்சுமையில் உழைத்தோரை இன்று குறை கூறுதல் எளிது. ஆயினும், இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடத்தை மறத்தல் ஆகாது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஆளில்லா வானூர்திகள்கூடப் படக்கருவியுடன் போர்க்களத்தில் பறக்கின்றன. கருவியைச் சிறிதாக்கக் காட்டும் அக்கறையை, படத்தை ஆராய்வோரைப் பயிற்றுவிப்பதிலும் நாடுகள் காட்ட வேண்டும். பகைவர் எங்கே உள்ளனர் என்று தேடுவோர், அவ்விடத்தில் துன்புறும் மக்கள் உள்ளனரா என்றும் தேட வேண்டும். அவ்வாறு தேடாவிடின், படத்தில் பதிந்த துயரமும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது.