அடுப்படிக் கணக்கு: நுரைக்கு மெசின் தேவையா?



கடந்த மாதம் மருதமுனையில் ஒரு தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டையும் கொண்டு போனது. பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காகக் கட்டாருக்குப் பணிப்பெண்ணாகப் போய், சில வருடங்கள் இருந்து திரும்பியவர். அங்கே எஜமானிக்கு நாளாந்தம் கப்புச்சினோ போட்டுக் கொடுத்த அனுபவம் இருக்கிறது. அந்தக் கைப்பழக்கத்தை வைத்து, வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் கோப்பி விற்கலாம் என்பது அவரது யோசனை.

"மெசின் இல்லாம நுரை வராது ராத்தா. லோன் தாறாங்களாம். கிழமைக்குக் கிழமை கட்டோணுமாம்" என்றார். படிவம் மேசையில் கிடந்தது. கையொப்பம் ஒன்றுதான் பாக்கி.

"அது கிடக்கட்டும் தங்கச்சி. மோர் கடையிற மத்து இருந்தா எடுத்துக்கொண்டு வாங்க" என்றேன்.

கப்புச்சினோ என்பது இத்தாலியப் பானம். அங்குள்ள கப்புச்சின் துறவிகளின் மண்ணிற அங்கியைப் போன்ற நிறம் உடையதால் அந்தப் பெயர் வந்தது. கடும் கோப்பி, சூடான பால், பால் நுரை ஆகிய மூன்றும்தான் அதில் உள்ளன. மெசின் நீராவியைப் பாலுக்குள் செலுத்தி, சூட்டையும் காற்றையும் ஒன்றாகக் கொடுக்கிறது. நாம் அந்த இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழ்களைச் சுற்றிப் போர்வை போல ஒட்டிக்கொள்வதால்தான் நுரை நிற்கிறது. கொழுப்பு சுவையைத் தரும். ஆனால் நுரையைக் கொஞ்சம் தளர்த்தும். எனவே ஆடை நீக்கிய பாலில் நுரை அதிகம் எழும். முழுப் பாலில் நுரை குறைந்தாலும் வாய்க்கு நன்றாக இருக்கும்.

செய்முறை இதுதான்:

1. பசுப்பாலை முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஆடையை எடுத்துவிடுங்கள். காய்ச்சாத பாலைப் பாவிக்க வேண்டாம்.

2. ஒரு கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் பாலை, உயரமான சில்வர் பாத்திரத்தில் சிறு நெருப்பில் வையுங்கள். ஓரத்தில் சிறு குமிழ்கள் வந்து ஆவி எழும்போது இறக்குங்கள். 60 முதல் 65 பாகை செல்சியஸ் போதும். வெப்பமானி இல்லாவிட்டால், பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டதும் கையை எடுக்கத் தோன்றும் சூடுதான் அளவு. திரும்பவும் கொதித்தால் நுரை கெட்டுவிடும். காய்ச்சிய வாடையும் ஏறும்.

3. பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மத்தை இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து ஒரு நிமிடம் வேகமாகக் கடையுங்கள். முதலில் மேற்பரப்பில் கடைந்தால் காற்று உள்ளே போகும். பிறகு மத்தைச் சற்று இறக்கினால் குமிழ்கள் சிறிதாகும். மத்து இல்லாதவர்கள் முட்டை அடிக்கும் கம்பியைப் பாவிக்கலாம்.

4. பாத்திரத்தை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பெரிய குமிழ்கள் உடைந்துவிடும். அரை நிமிடம் பொறுத்து, நுரையைக் கரண்டியால் தடுத்துக்கொண்டு பாலைக் கடும் கோப்பியில் ஊற்றுங்கள். கடைசியில் நுரையை அள்ளி மேலே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிலர் பாலைப் போத்தலில் அடைத்துக் குலுக்குவார்கள். அதைக் குளிர்ந்த பாலில் மட்டும் செய்யுங்கள். சூடான பாலை மூடிக் குலுக்கினால் ஆவி மூடியைத் தள்ளி, கையைச் சுட்டுவிடும்.

தங்கச்சியின் முதல் கோப்பையில் நுரை சவர்க்கார நுரை போலப் பெரிதாக இருந்தது. மூன்றாவது கோப்பையில் விரற்கடை அளவுக்கு மெல்லிய நுரை நின்றது. மெசின் நுரையைப் போன்ற வழவழப்பு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குடித்த மகள் கோப்பையின் அடிவரை கரண்டி போட்டாள்.

பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு லீற்றர் பாலில், சிந்துவது போக, 6 கோப்பை வரும். பால், கோப்பித் தூள், சீனி, காஸ் ஆகியவற்றை எழுதிக் கூட்டி, 6ஆல் பிரித்தால் ஒரு கோப்பையின் செலவு தெரியும். விற்கும் விலையில் அதைக் கழித்தால் இலாபம். கிழமைத் தவணையை அந்த இலாபத்தால் பிரித்துப் பார்த்தோம். தவணைக்கு மட்டும் எத்தனை கோப்பை விற்க வேண்டும் என்று கண்டதும் தங்கச்சி பேசாமல் இருந்தார்.

2022 மார்ச்சில் ஒரு பால் தேநீர் 100 ரூபாய்க்குப் போனது நமக்கு மறந்திருக்காது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். பாலின் விலை நம் கையில் இல்லை. வியாபாரம் படுத்தாலும் தவணைக்காரர் வாசலுக்கு வருவார்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு மாதம் மத்தால் கடைந்து விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கோப்பை போனது என்று எழுதுங்கள். கை வலிக்கும் அளவுக்கு ஆட்கள் வந்தால், அப்போது மெசினைப் பற்றி யோசிக்கலாம். அந்தக் கொப்பியே உங்களுக்குச் சாட்சி.

நான் புறப்படும்போது படிவம் கையொப்பமில்லாமல் அலுமாரிக்குள் போயிருந்தது. "ஒரு மாசம் பார்ப்பம் ராத்தா" என்றார்.

உங்கள் வீட்டு வியாபாரக் கணக்குகளையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.