சத்திரக்காரரிடம் கொடுத்த காசு

2016 ஜூனில் சித்தூர் மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் படியேறிய ஏழைத் தம்பதி, ஒரு வயதுகூட நிரம்பாத தங்கள் குழந்தையைக் கருணைக் கொலை செய்ய அனுமதி கேட்டார்கள். குழந்தைக்குக் கல்லீரல் பழுது. மாற்று அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிய லட்சங்கள் அவர்களிடம் இல்லை. மனுவை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். செய்தி பரவியதும் மாநில அரசு செலவை ஏற்றது. சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சாகக் கேட்டு எழுதப்பட்ட மனு, உண்மையில் உயிர்ப் பிச்சை கேட்ட மனு.

அந்திமக் காலம் பற்றி கிறிஸ்தவம் நெடுங்காலமாக ஒரு கோடு கிழித்து வந்திருக்கிறது. உயிரைப் பறிக்கக் கூடாது; ஆனால் போகிற உயிரை எப்பாடுபட்டாவது இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1957ல் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசிய போப் பன்னிரண்டாம் பயஸ் இதைத்தான் சொன்னார். 1980ல் வாடிகன் அறிக்கையும் இதை உறுதி செய்தது. 2018 மார்ச் 9ல் இந்திய உச்ச நீதிமன்றம், பிழைக்க வழியில்லாதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தவும், அதற்கான விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. 2023ல் நடைமுறை எளிதானது: மாஜிஸ்திரேட் தேவையில்லை, நோட்டரியோ கெஜடட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

சித்தூர் மனு இந்தக் கோட்டின் எந்தப் பக்கமும் சேராது. அந்தக் குழந்தை பிழைக்கக்கூடியது, தடுத்தது பணம். 'போதும், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்' என்று ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்திடும் ஏழையின் மனதில் இருப்பது இறைசித்தத்துக்குப் பணிந்த அமைதியா, அல்லது கட்ட முடியாத பில்லா? கையெழுத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இதே மண்ணில் இதற்கு ஒரு பதில் உண்டு. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915ல் பல மிஷன்கள் சேர்ந்து காசநோய் ஆஸ்பத்திரி திறந்தபோது, அந்நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல்தான். குணமாக்கும் மருந்து கையில் இல்லாத காலத்திலும் நோயாளிக்குப் படுக்கையும் உணவும் துணையும் தந்தார்கள். திருப்பதியில் தேவஸ்தானத்தின் பிராணதான அறக்கட்டளை, பக்தர்களின் நன்கொடையைக் கொண்டு ஏழைகளின் உயிர்காக்கும் சிகிச்சைக்கு உதவுகிறது. பொதுவாழ்வில் மத நம்பிக்கைக்கு உள்ள இடம் எது என்ற கேள்விக்கு மேடைப் பேச்சைவிட இவை தெளிவான விடை.

கருணைக் கொலையைக் கண்டித்து 2020ல் வாடிகன் வெளியிட்ட கடிதத்துக்கு 'நல்ல சமாரியன்' என்று பெயர். கதையில் வரும் அந்தச் சமாரியன் காயத்துக்குக் கட்டுப்போட்டதோடு நிற்கவில்லை. சத்திரக்காரரிடம் இரண்டு நாணயங்களைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். உயிர் புனிதம் என்று பிரசங்கிக்கும் சபைகள், பிரசங்கத்தோடு அந்தக் கணக்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.