நகைச்சுவை மேடை யாருக்கு?

நம் மன்றத்தின் நகைச்சுவை விழா நெருங்குகிறது. நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மணி. மேடையேற விரும்புவோரோ நாற்பதின்மருக்குக் குறையார். ஆகவே தெரிவுக் குழு ஒன்று வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் குழு எதைக் கொண்டு ஒருவரை ஏற்கிறது, எதைக் கொண்டு ஒருவரைத் தள்ளுகிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

கேட்டால், "திறமை ஒன்றே அளவுகோல்" என்று விடை வருகிறது. நல்ல சொல். ஆனால் சென்ற ஆண்டு மேடையேறிய ஒன்பது பேரில் எழுவர் ஒரே விடுதியின் ஒரே மாடியில் குடியிருப்பவர்கள். திறமை அந்த மாடிப்படியோடு நின்றுவிட்டது போலும்! பெண் ஒருவர்கூட இல்லை. பெண் வேடத்துக்குச் சேலை மட்டும் இரவல் வாங்கப்பட்டது. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவருமில்லை. ஆனால் வங்கம் கலந்த அவர்களுடைய தமிழைக் கேலி செய்யும் நாடகம் ஒன்று இருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த அவர்களும் சிரித்தார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்?

நண்பர்களே, இந்த நகரத்துக்கு இது புதிய சங்கதியன்று. கிழக்கு வங்கத்துப் பேச்சைக் கேட்டாலே நகைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாய் வந்து குவிந்த மக்கள், வீட்டையும் நிலத்தையும் இழந்ததோடு இந்த நகைப்பையும் தாங்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சையே முதலாக வைத்துப் புகழ்பெற்றவர் பானு பந்தோபாத்யாய். டாக்காவை அடுத்த விக்கிரம்பூரில் 1920-இல் பிறந்தவர். 1953-இல் வெளிவந்த 'ஷாரே சுவாத்தோர்' படத்தில் உணவு விடுதிவாசிகளுள் ஒருவராக வந்து, தம் ஊர்ப் பேச்சைத் தாமே பேசினார். சிரிப்பு என்னவோ அதே பேச்சுக்குத்தான். ஆனால் சிரிக்க வைத்தவர் அதற்கு உரியவர். அகதியும் சிரித்தான், அவனை நகைத்தவனும் சிரித்தான். ஒருவன் பேச்சை மற்றொருவன் இரவல் வாங்கிப் பழிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நம் குழுவினர் அளந்து பார்க்கட்டும்.

தமிழிலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. 'சதி லீலாவதி'யில் (1995) கோவை சரளா பேசிய கொங்குத் தமிழ் கொங்கு நாட்டுக்கு அப்பாலும் கைதட்டல் பெற்றது. நம் மேடையில் மட்டும் நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் பிறர் வாயில்தான் ஒலிக்க வேண்டுமா?

பெண்கள் செய்தியில் கொல்கத்தா மேடையின் கணக்கு இன்னும் கசப்பானது. 1883-இல் ஸ்டார் அரங்கம் எழுந்தபோது அதற்குத் தம் பெயர் சூட்டப்படும் என்று நடிகை வினோதினி தாசிக்கு நம்பிக்கை ஊட்டினார்கள். அவரை முன்னிட்டே ஒரு செல்வர் பணம் தந்தார். முடிவில், கணிகையர் குலத்தவள் பெயரை ஊர் ஏற்காது என்று வேறு பெயரைப் பதிந்தார்கள். ஹாத்திபாகானில் உள்ள ஸ்டார் அரங்கம் வினோதினியின் பெயரைப் பெறும் என்ற அரசின் அறிவிப்பு 2024 டிசம்பரில்தான் வந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவதா? எடின்பரோவில் 1947-இல் பெரிய கலைவிழா தொடங்கியபோது, அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடங்களில் நடித்தன. அதிலிருந்து வளர்ந்த 'ஃபிரிஞ்ச்' விழாவில் இன்றும் தெரிவுக் குழு கிடையாது. இடம் பிடித்தவர் நடிக்கலாம். ஆயினும் அரங்க வாடகையும் தங்கும் செலவும் அங்கே வாயிற்காப்போனாய் நிற்கின்றன. கதவைத் திறந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. நமக்கோ அரங்கம் ஒன்று, மாலை ஒன்று.

மேல்நாட்டு இசைக்குழுக்கள் பலவற்றில் தேர்வுக்கு வருபவர் திரைக்குப் பின்னிருந்து வாசிக்கிறார். வாசிப்பவர் யாரென்று நடுவருக்குத் தெரியாது. விகடனைத் திரைக்குப் பின் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதிக் கொடுத்த பகுதிகளைப் பெயரை மறைத்துப் படிக்கலாமே! வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் பேச இடம் தரலாமே! குழுவில் இருப்பவர் அந்த ஆண்டு மேடையேறக் கூடாது என்ற ஒரு விதி போதும், பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். இதுவரை மேடையே காணாதவர்க்கு இரண்டு இடங்களையாவது ஒதுக்க வேண்டும். தள்ளப்பட்டவருக்கு ஏன் தள்ளப்பட்டார் என்று ஒரு வரி எழுதித் தந்தால் அடுத்த ஆண்டு அவர் மேலும் நன்றாக வருவார்.

"தரம் கெட்டுவிடும்" என்று செயலாளர் அஞ்சுகிறார். சென்ற ஆண்டு ஒன்பது நிகழ்ச்சிகளில் எத்தனைக்கு அவரே சிரித்தார் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியும்.

குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. விதிகள் அதற்கு முன் அறிவிப்புப் பலகையில் வரட்டும். பெண்கள் விடுதியின் பலகையிலும் ஒரு படி ஒட்டப்படட்டும். சென்ற ஆண்டு அங்கே ஒட்ட மறந்துவிட்டார்கள்.