தாம்பரத்துக்கு ஏதுங்க உறைபனி?

போன வருஷம் புரட்டாசி கடைசியில் எங்கள் மொட்டை மாடியில் நாலு பைகளில் முள்ளங்கி போட்டேன். இணையத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டுத் தோட்ட அட்டவணையைப் பார்த்துத்தான். முதல் உறைபனிக்கு இத்தனை வாரம் முன்னால் விதை, பனி இறங்குவதற்குள் பிடுங்கு என்று இருந்தது. தாம்பரத்தில் ஏது உறைபனி, எப்போ போட்டால் என்ன என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வாங்கிய விதைப் பாக்கெட்டும் "வருடம் முழுவதும்" என்றே சத்தியம் செய்தது. ஐப்பசி மழையில் நாலு பையும் அழுகிப்போச்சு. மிஞ்சின கீரையை அம்மா பொரியல் பண்ணிட்டாங்க. காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில், வரவுப் பக்கம் அது ஒன்றுதான் :-)

அட்டவணையைத் திட்டுவது சுலபம். ஆனால் அதன் தேதிதான் நமக்கு ஆகாதே தவிர கணக்கு ஆகும் என்பது என் கட்சி. பயிரைக் கெடுக்கிற நாள் எது என்று பார்த்து, அதிலிருந்து பயிரின் வயதைப் பின்னோக்கிக் கழிக்கணும், அவ்வளவுதான். ஊட்டியில் அந்த நாள் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் பள்ளத்தில் குளிர் தேங்கி, புல்வெளி வெளுத்து, தேயிலை கருகும். (லேசான பனியை முள்ளங்கி தாங்கிவிடும் என்பது வேறு கதை.)

நமக்கு அந்த நாள் வடகிழக்குப் பருவமழை. சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். வெள்ளை முள்ளங்கிக்கு 45 நாள் என்றால் செப்டம்பர் 5 கடைசி. சராசரி என்பது சராசரிதான், மழை முந்தியும் வரும். அதனால் கையிருப்பாகப் பத்து இருபது நாள் விட்டால் ஆவணி முதல் பாதி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று தாத்தாக்கள் சொன்னது இந்தக் கணக்குக்குள் அழகாக உட்காருகிறது. என்ன, அந்த வெயிலில் கிழங்கு காரமாகும், நெட்டி விழும். பூசா சேத்கி மாதிரி சூடு தாங்கும் ரகம் வேண்டும்.

என் ஓட்டு மழைக்குப் பின்னாடிதான். அதற்காகக் கார்த்திகையில் அவசரப்படாதீங்க. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் முடிச்சூரை முங்க வைத்தது. இரண்டுமே கார்த்திகைதான்! மார்கழி 20க்கு மேல் போட்டால் மாசி பிறந்ததும் பிடுங்கலாம். ராத்திரிக் குளிர் இருக்கும்போதே கிழங்கு திரளும், தண்ணீரும் நம் கைக்குள் இருக்கும். வருஷம் முழுவதும் என்று அச்சடிக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை நீங்கலாக என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் குறைந்தா போவார்கள்?

இந்தத் தடவை பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை. கீரையாவது சீக்கிரம் வருமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.