தோற்கும் அணிக்குக் கைதட்டுவது வீணா?

2025 அக்டோபரில் தலைநகருக்கு மீண்டும் ஒரு முதல்தரக் கால்பந்துக் கிளப் கிடைத்தது. ஐதராபாத் எஃப்.சி. என்ற பெயரில் ஆடிவந்த அணி, ‘ஸ்போர்ட்டிங் கிளப் டில்லி’ என்ற புதுப் பெயருடன் யமுனைக் கரைக்குக் குடிபெயர்ந்தது. வந்த அணியின் ஜாதகம் அவ்வளவு சிலாக்கியமானதல்ல. 2023-24 சீசனில் இந்தியன் சூப்பர் லீக்கில் 22 ஆட்டங்கள் ஆடி ஒன்றே ஒன்றில் வென்று, 8 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் நின்ற அணி அது. அடுத்த சீசனிலும் 13 அணிகளில் 12ஆவது இடம்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஓர் அணிக்காக, வாரம் முழுவதும் உழைத்து அலுத்தவர்கள் மாலை வேளையைச் செலவிட்டு, டிக்கெட் வாங்கி, மெட்ரோ பிடித்துப் போய்க் கைதட்ட வேண்டுமா? அதில் இன்பம் ஏதும் உண்டா? கரோல் பாக், லோதி காலனி, மயூர் விகார் என்று பரவிக் கிடக்கும் டில்லித் தமிழர்களில் கால்பந்துப் பிரியர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஏனெனில் ஊரில் இருக்கும் சென்னையின் எஃப்.சி.யை நம்பினாலும், குடியிருக்கும் ஊரின் அணியை நம்பினாலும், அண்மைக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தோல்விதான்.

ஆனால் கேள்வியைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரசிகனின் இன்பத்தைக் கெடுப்பது தோல்வியா, அல்லது வேறு ஏதாவதா?

தோல்வி புதிதல்ல

சென்னை அணியின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 2015ல் கோவாவையும், 2018 மார்ச்சில் பெங்களூரையும் அவரவர் மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வென்ற அணி அது. சாம்பியன் பட்டத்தோடு 2018-19 சீசனில் இறங்கிய அதே அணி, 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குப் போனது. ‘இனி அவ்வளவுதான்’ என்று பலரும் கைகழுவினார்கள். அதற்கு அடுத்த சீசனும் மோசமாகத்தான் தொடங்கியது. நடுவில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தார். தோற்றுக்கொண்டிருந்த அணி எழுந்து நின்று, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை சென்றது. அங்கே கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது என்பது வேறு விஷயம்.

கடைசி இடத்தில் இருந்த சீசனிலும் அரங்குக்கு வந்தவர்களுக்கு அந்த எழுச்சி எவ்வளவு இனித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வென்றபோது மட்டும் வந்தவர்களுக்கு அது ஒரு நல்ல செய்தி. தோற்றபோதும் வந்தவர்களுக்கு அது ஒரு வரவு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 2024-25ல் சென்னை அணி மறுபடியும் 11ஆவது இடத்துக்குச் சரிந்தது. அப்படியும் அந்த வரவு அழிந்துவிடவில்லை.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இன்னும் பெரிய உதாரணம். 1920ல் தோன்றிய, நூறாண்டு கண்ட கிளப் அது. 2020ல் இந்த லீக்கில் நுழைந்தது முதல் ஐந்து சீசன்களில் அது பெற்ற இடங்கள் முறையே 9, 11, 9, 9, 9. அதில் 2021-22ல் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. பரம வைரியான மோகன் பகானிடம் அடி மேல் அடி. நான்கரை ஆண்டுக் காலம் அந்த அணியை ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை.

2023 ஆகஸ்டு 12ஆம் தேதி டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் அந்தச் சாபம் தீர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். ஒரு தமிழ் இளைஞரின் காலில் இருந்து புறப்பட்ட பந்து லட்சக்கணக்கான வங்காளிகளின் நான்கரை ஆண்டு வேதனையைத் துடைத்தது. டில்லியில் சித்தரஞ்சன் பார்க்கிலும் அன்று மகிழ்ச்சிக்குக் குறைவிருந்திருக்காது.

இங்கிலாந்தில் சண்டர்லாந்து அணி 2017ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2018ல் இன்னொரு படியும் இறங்கி மூன்றாம் நிலைக்குப் போனது. அப்படி இரண்டு படி வீழ்ந்த பிறகு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்த ஆட்டத்தைக் காண அரங்குக்கு வந்தவர்கள் 46,039 பேர். மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம். அதே கிளப் 2025ல் மறுபடியும் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். விவசாயிக்கு மட்டுமல்ல, கால்பந்து ரசிகனுக்கும் அது பொருந்தும். செலவழித்த பணத்துக்கு எத்தனை வெற்றி என்று கணக்குப் பார்ப்பவன் இரண்டாம் மாதமே வீட்டில் உட்கார்ந்துவிடுவான். அடுத்த போகம் விளையும் என்ற நம்பிக்கையும், பக்கத்து இருக்கையில் அதே முகம் இருக்கும் என்ற உறவும்தான் அவனை அரங்குக்கு இழுக்கின்றன. நிலம் தன் காலடியில் இருக்கும் என்ற நிச்சயம் மட்டும் வேண்டும்.

டில்லியில் இல்லாமல் போனது அந்த நிச்சயம்தான்.

டில்லி கண்ட ஐந்து சீசன்கள்

2014ல் இந்த லீக் தொடங்கியபோது டில்லி டைனமோஸ் என்ற அணி பிறந்தது. உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் டெல் பியரோ முதல் சீசனில் டில்லிச் சட்டை அணிந்து ஆடினார். அடுத்த சீசனில் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அணி அரையிறுதி வரை போனது. 2016ல் இத்தாலியின் ஜாம்புரோட்டா பயிற்சியளிக்க, மறுபடியும் அரையிறுதி.

அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் நடந்த இரண்டாவது கட்ட அரையிறுதியை டில்லி ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சியில் 0-1 என்று தோற்றுவந்த டில்லி, இங்கே 2-1 என்று வென்று கணக்கைச் சமன் செய்தது. பிறகு பெனால்டி உதைகளில் ஒன்றைக்கூடக் கோலாக்க முடியாமல் வெளியேறியது.

அத்துடன் நல்ல காலம் முடிந்தது. 2017-18ல் பத்து அணிகளில் எட்டாவது இடம். 2018-19லும் எட்டாவது இடமே. இந்த இரண்டு சீசன்களிலும் டில்லிக்காக ஆடியவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன நந்தகுமார். பெரிய நட்சத்திரங்கள் போய், இளைஞர்களை வைத்து அணியைக் கட்டிய காலம் அது. ஓட்டப் பந்தயத் தடத்துக்கு அப்பால், மைதானத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் இருக்கைகளில் உட்கார்ந்து, பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த அரங்கில் குரல் கொடுத்தவர்கள் சிலர் உண்டு. நாற்று நட்டிருக்கிறோம், விளையட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

2019 ஆகஸ்டு கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. கிளப் புவனேஸ்வரத்துக்குப் போகிறது, இனி அதன் பெயர் ஒடிசா எஃப்.சி. விளையாட்டுக்குக் கை கொடுக்கும் மாநில அரசும், கலிங்கா அரங்கின் வசதிகளும் அங்கே இருந்தன. முதலாளிகளின் கணக்கில் அது நியாயமாகவே இருந்திருக்கலாம். ரசிகர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பல பத்தாண்டுகளாக டில்லியின் பெருமையாக இருந்த டூரண்ட் கோப்பையும் அதே 2019ல் கொல்கத்தாவுக்குப் போய்விட்டது. தலைநகரின் கால்பந்து ரசிகர்கள் ஒரே ஆண்டில் இரு முறை வெறுங்கையராக நின்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மனத்தை உறுத்துகிறது. டில்லியில் நட்ட நாற்று ஒடிசாவில் விளைந்தது. 2023 ஏப்ரலில் ஒடிசா அணி, பெங்களூரை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியது. நந்தகுமார் அந்த அணியில் இருந்தார். டில்லி ரசிகர்கள் எங்கும் இல்லை. எட்டாவது இடத்தின் துக்கத்தைச் சுமந்தவர்கள் ஒருவர், கோப்பையின் களிப்பைக் கொண்டாடியவர்கள் வேறொருவர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2024 ஜனவரி 28ஆம் தேதி, புவனேஸ்வரத்தில் மறுபடியும் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். ஒடிசாவும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இப்போது ஈஸ்ட் பெங்கால் பக்கம் இருந்த நந்தகுமார், தமது பழைய அணிக்கு எதிராகக் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று வென்றது. அந்தக் கிளப்புக்குத் தேசிய அளவில் 12 ஆண்டுகளில் கிடைத்த முதல் கோப்பை அது.

இரண்டு அணிகளின் ரசிகர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருவரும் தோல்வியைச் சந்தித்தார்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகன் பட்ட துன்பம் அளவில் பெரியது. ஆனால் அவன் காத்திருந்த இடத்துக்கே மகிழ்ச்சி வந்து சேர்ந்தது. டில்லி ரசிகன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. வண்டி ஐந்து மணி நேரம் தாமதம் என்றால் பயணி முணுமுணுத்துக்கொண்டே பிளாட்பாரத்தில் காத்திருப்பான். வண்டி வேறு தடத்தில் போய்விட்டது என்றால் அவன் எதற்குக் காத்திருப்பது?

மற்ற நாடுகளில்

இந்த அநியாயம் இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. லண்டனின் விம்பிள்டன் கிளப், சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்று 2002ல் அனுமதி கிடைத்தது. கொதித்தெழுந்த ரசிகர்கள் அந்த ஆண்டே தாங்களாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களை ஒரு பொது மைதானத்தில் தேர்வு வைத்துப் பொறுக்கி, ஒன்பதாம் நிலை லீக்கில் ஆடத் தொடங்கிய அந்த அணி, ஒன்பது ஆண்டுகளில் ஐந்து படி ஏறி 2011ல் முக்கிய லீக் அமைப்புக்குள் நுழைந்தது. 2020ல் தமது பழைய பேட்டையிலேயே சொந்த அரங்கில் ஆடவும் தொடங்கியது. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அங்கே முதலாளி ஒருவர் நினைத்த மாத்திரத்தில் மூட்டை கட்டிவிட முடியாது.

நமது லீக்கின் அமைப்பு வேறு. உரிமம் பெற்ற முதலாளிகள் அணியை நடத்துகிறார்கள். கடைசி இடம் பெறும் அணி கீழே இறங்குவது 2024-25 வரை நடந்ததில்லை. அந்த சீசனில் 24 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசியாக வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கும் இறங்கவில்லை. இது கருணை போலத் தோன்றும். ஆனால் இறங்கும் பயம் இல்லாத இடத்தில், பிழைத்துக்கொண்டோம் என்ற பெருமூச்சும் இல்லை. பின்தங்கிய அணியின் ரசிகனுக்குச் சீசன் முடிவில் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதுவரை அணி தோற்றுக் கீழே போனதில்லை, ஊரை விட்டுத்தான் போனது.

புது விருந்தாளி

இந்தப் பின்னணியில்தான் ஸ்போர்ட்டிங் கிளப் டில்லியைப் பார்க்க வேண்டும். 2019ல் மூடப்பட்ட புனே சிட்டி கிளப்பின் இடத்தில் ஐதராபாத் அணி வந்தது. 2022ல் அது சாம்பியன் ஆனது. பிறகு பண முடை ஏற்பட்டு, கடைசி இடத்துக்குச் சரிந்து, உரிமையாளர் மாறி, இப்போது டில்லிக்கு வந்திருக்கிறது. அதாவது 2019ல் டில்லி ரசிகன் அனுபவித்ததை 2025ல் ஐதராபாத் ரசிகன் அனுபவிக்கிறான். பறிகொடுத்தவர்களுக்குப் பறித்ததைக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளும் கை சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

வந்த நேரமும் நல்ல நேரமாக இல்லை. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையே 2010ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அது புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையிலேயே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னை உள்பட சில கிளப்கள் ஆகஸ்டில் சம்பளத்தை நிறுத்தின. 14 கிளப்களும் ஆட, லீக் பிப்ரவரி 14ஆம் தேதி தொடங்கும் என்று 2026 ஜனவரியில் மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்த பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கு உயிர் வந்தது. இதற்கிடையே, ஜவாஹர்லால் நேரு அரங்கையே இடித்துவிட்டு விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டம் பற்றிய செய்தியும் 2025 நவம்பரில் வெளியாயிற்று. கிளப் நிலையில்லை, லீக் நிலையில்லை, அரங்கும் நிலையில்லை என்றால் ரசிகன் மட்டும் எப்படி நிலைத்து நிற்பான்?

ஆக, பின்தங்கிய அணிக்குக் கைதட்டுவதில் இன்பம் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றே பதில் சொல்ல வேண்டும். சென்னையும் கொல்கத்தாவும் சண்டர்லாந்தும் அதற்குச் சாட்சி. ஆனால் அந்த இன்பம் கடனாகக் கிடைப்பது. தோல்வி காலத்தில் ரசிகன் கொடுக்கிறான், வெற்றி காலத்தில் கிளப் திருப்பித் தருகிறது. கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போகமாட்டார் என்ற உறுதி இருந்தால்தான் யாரும் கொடுப்பார்கள்.

புதிய கிளப்பின் நிர்வாகம் இந்த ஊர் மக்களிடம் முதலில் கோப்பையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் இங்கேயே இருப்போம் என்று எழுத்தில் சொல்லட்டும். அம்பேத்கர் அரங்கைச் சுற்றி வளர்ந்த உள்ளூர் கிளப்களிலிருந்தும், டில்லிப் பள்ளிகளிலிருந்தும் பையன்களை எடுத்து ஆடவிடட்டும். இடமாற்றம் என்ற பேச்சு எழுந்தால் ரசிகர் பிரதிநிதிகளைக் கலந்த பிறகே முடிவு என்று சம்மேளனமும் விதி செய்யட்டும். அப்புறம் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தாலும் பாதகமில்லை. டில்லி ரசிகன் தோல்வியைத் தாங்கிக் காட்டியவன். இன்னொரு முறை அணியை வழியனுப்பிவைக்கத்தான் அவனுக்குத் தெம்பு இல்லை.