மதிப்பெண் இடும் வேளை

ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி, எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்துக்கொண்டு, வந்த மாணவர்களிடம் பெற்றோர் யார், வீடு எங்கே என்று இரண்டு மூன்று நிமிஷங்கள் மட்டும் விசாரித்து அனுப்பியதாக எழுந்த அஜய் ஹாசியா வழக்கில், நேர்முகத்துக்கு 15 சதவிகிதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமற்றது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. உரையாடலை ஒலிப்பதிவு செய்யலாம் என்றும் அது யோசனை கூறிற்று. நம்மில் எத்தனை ஸ்தாபனங்கள் அதைச் செய்தன என்று கேளாதிருப்பதே மரியாதை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசு, கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பதவிகளுக்கும் 'சி' பிரிவுப் பதவிகளுக்கும் நேர்முகத்தையே நீக்கிவிட்டது. இவை பட்சபாதத்தால் விளையும் சேதத்தைக் குறைத்தனவேயன்றி, எஞ்சி நிற்கும் நேர்முகத்தில் மதிப்பெண் எவ்விதம் பிறக்கிறது என்பதைத் தொடவில்லை.

அதைத் தொடுவது, வரையறுத்த நேர்முகமுறை ஒன்றே. விண்ணப்பதாரர் அனைவருக்கும் அதே கேள்விகள், அதே வரிசையில்; கேள்விகளோ அந்த வேலையிலிருந்தே எடுக்கப்பட்டவை. செவிலியர் பதவியானால், இரவுப் பணியில் இரு நோயாளிகள் ஒரே சமயத்தில் அழைத்தால் யாரிடம் முதலில் செல்வீர், ஏன் என்று கேட்டு, எத்தகைய விடைக்கு ஐந்து, எதற்கு மூன்று, எதற்கு ஒன்று என்பதை, முதல் விண்ணப்பதாரர் உள்ளே வருமுன்பே வார்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இது தேர்வாளரை இயந்திரமாக்கிவிடும் என்ற ஆட்சேபம் பழையது. 1950-களில் இஸ்ரேலியப் படைக்கு ஆள் சேர்க்கும் முறையைத் திருத்தி அமைத்த இளைஞர் டேனியல் கானமன், ஆறு குணங்களை ஒவ்வொன்றாக விசாரித்துத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது, தேர்வாளர்கள் இதையே சொல்லி முறையிட்டனர். அவர்களைச் சமாதானப்படுத்த, ஆறையும் முடித்த பின் கண்ணை மூடி, படையில் சேர வந்தவனைச் சிப்பாயாகக் கற்பனை செய்து, ஒரு மதிப்பெண் இடவும் அவர் அனுமதித்தார். அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு ஈடாகப் பலித்தது என்பதே வியப்பு. ஆகவே அனுபவஸ்தரின் அபிப்பிராயத்தை யாரும் பகிஷ்கரிக்கவில்லை. விசாரணை முடியும்வரை அது காத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

நம் குழுக்களில் அது காத்திருப்பதில்லை. விண்ணப்பதாரர் கதவைச் சாத்தியவுடன் தலைவர், "பையன் நன்றாகப் பேசினான்" என்று ஒரு வாக்கியம் உதிர்த்துவிட்டால், மற்ற மூவரின் மனமும் அப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. பிறகு நடப்பது கலந்தாலோசனை அன்று, சம்மதம். எனவே கேள்விகளைச் சீர்ப்படுத்த அவகாசமில்லாத அலுவலகங்கள்கூட இதையேனும் உடனே செய்யலாம்: ஒவ்வொரு உறுப்பினரும் பேச்சுக்கு முன்பே தம் மதிப்பெண்ணைத் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைத்துவிட வேண்டும், விவாதம் இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும், பென்சிலில் குறித்துவைத்து, மாலையில் பட்டியல் தயாரானதும் அதற்கு இசைய அழித்தெழுதும் சம்பிரதாயம் அன்றோடு ஒழிய வேண்டும்.