கல்யாணமாகாத தகுதி

சிங்கிளாக இருப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். என்ன நாவல் படித்தோம், யாரை ஏன் வேண்டாமென்றோம், தனியாக ஊர் சுற்றுவதில் என்ன சுகம் என்று. பேசலாம், தப்பே இல்லை. ஆனால் திருப்பூர் பனியனுக்கு நூல் நூற்ற பெண்கள் பலருக்குக் கல்யாணமாகாமல் இருப்பதுதான் வேலைக்கான தகுதியே.

மேற்கு மாவட்ட ஸ்பின்னிங் மில்களில் 2000-களில் பரவிக் கிடந்த சுமங்கலித் திட்டத்தைச் சொல்கிறேன். ஏழைக் குடும்பத்து டீன்ஏஜ் பெண் 3 வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டும். வெளியே போகவும் போன் பேசவும் கட்டுப்பாடு. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக 30,000, 50,000 ரூபாய். நடுவில் உடம்பு முடியாமல் போனால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அவளுடைய கூலியையே பிடித்துவைத்து, வரதட்சணைக்கு ஆகுமென்று அவளிடமே தந்தார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல்!

'பெண்ணியமெல்லாம் வசதியான பொண்ணுங்க பேச்சுங்க' என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். பக்கத்து ஈரோட்டுக்காரர் பெரியார் கூட்டிய 1929 செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அது வசதியானவர்களின் கோரிக்கையா?

நமக்கும் ஒன்று சொல்லணும். நாம் தனியாக இருக்க முடிவதற்குக் காரணம் படித்த புத்தகம் மட்டுமல்ல. மாசாமாசம் நம் கணக்கில் விழும் சம்பளமும், நம் கையிலிருக்கும் அறைச் சாவியும்தான். அந்த இரண்டும் மில் பெண்ணுக்கும் வேண்டுமென்று கேட்காத பெண்ணியம் வெறும் அரட்டை. அதெல்லாம் கையில் வந்தபிறகு அவள் கல்யாணம் பண்ணட்டும், பண்ணாமலும் போகட்டும். அது அவள் பாடு.